முக்காலே மூணு வீசம்: குழந்தைகளுக்குப் பின்னமும் தசமமும்

பின்னம் என்ற சொல்லைக் கேட்பதற்கு வெகு முன்பே தமிழ் பேசும் குழந்தைக்குப் பின்னம் தெரிந்திருக்கிறது. "அரை தோசை போதும்மா", "கால் கிலோ வெங்காயம்", "இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்", "ஒன்றரை லிட்டர் பால்" என்று விடிந்ததிலிருந்து காதில் விழுவதெல்லாம் பின்னம்தான். பேருந்தில் அரை டிக்கெட்டாகவே பயணம் செய்து வளர்ந்த பிள்ளைக்கு அரை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் கரும்பலகையில் 1/2 என்று எழுதியதும் அது எங்கிருந்தோ வந்த புது விஷயமாகிவிடுகிறது. ஒரு கோடு, மேலே ஓர் எண், கீழே ஓர் எண், மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பாடம் தொடங்கும். பாடவேளை முடிவதற்குள் வீட்டில் தெரிந்த அரையும் பள்ளியில் எழுதிய அரையும் ஒன்றையொன்று அறியாத இரண்டு ஆட்களாகிவிடும். தொடக்கப் பள்ளியில் பின்னம் கற்பிப்பதன் முதல் வேலை இந்த இரண்டு பேரையும் அறிமுகம் செய்துவைப்பது.

அதற்கு மொழியே நிறைய உதவி வைத்திருக்கிறது. "இரண்டே முக்கால்" என்று சொல்லும்போது நடுவில் ஒலிக்கிற ஏகாரம் ஒரு கூட்டல் குறி. இரண்டும் முக்காலும் சேர்ந்தது என்று பொருள். கலப்பு பின்னத்தை எழுதும்போது 2-ஐயும் 3/4-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறோம், நடுவிலிருக்கும் கூட்டல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பேச்சில் அது போகவில்லை. ஏகாரம் இல்லாமல் இரண்டு பின்னப் பெயர்கள் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் பெருக்கல்: அரைக்கால் என்றால் காலில் பாதி, அதாவது 1/8. காலே அரைக்கால் என்றால் 1/4 + 1/8, அதாவது 3/8. ஓர் ஏகாரம் இருப்பதும் இல்லாததும் கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் உள்ள வித்தியாசம். "ஊர்ல முக்காலே மூணு வீசம் பேரு அப்படித்தான்" என்று சலித்துக்கொள்ளும் பாட்டி சொல்வது 3/4 + 3/16. வீசம் என்பது பதினாறில் ஒன்று. மொத்தம் 15/16. ஏறக்குறைய எல்லாரும், ஒரு வீசம் பேர் மட்டும் பாக்கி. பாட்டியின் கணக்கு பிசகவில்லை.

அரை, கால், முக்கால் என்ற தனிப்பெயர்களைத் தாண்டினால் தமிழ் வேறு ஒரு முறைக்குப் போகிறது: மூன்றில் ஒன்று, ஐந்தில் இரண்டு. முழுமையை எத்தனையாகப் பிரித்தோம் என்பது முதலில், எத்தனையை எடுத்தோம் என்பது பிறகு. செய்கிற வரிசையும் அதுதான், முதலில் வெட்டு, பிறகு எடு. கொரிய மொழியும் இதே வரிசையில்தான் பின்னத்தைச் சொல்கிறது. கொரியா, குரோஷியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டுக் குழந்தைகளை ஒப்பிட்டு 1999-ல் வெளியான ஆய்வொன்றில், பின்னத்தை அதற்குரிய படத்தோடு பொருத்துவதில் கொரியக் குழந்தைகள் முன்னால் நின்றார்கள். பின்னத்தின் பெயரே அதன் பொருளை விளக்கிவிடுவது ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தமிழ்க் குழந்தைக்கும் இந்த வசதி உண்டு. "டூ பை த்ரீ" என்று வாசிக்கச் சொல்லும் வகுப்பில் அது கைவிட்டுப் போகிறது.

ஆனால் இதே வசதி ஓர் இடத்தில் காலை வாரும். "மூன்றில் இரண்டு" என்று காதில் கேட்ட வரிசையிலேயே, மேலிருந்து கீழாக எழுதிப் பழகிய கை, மேலே 3, கீழே 2 என்று எழுதிவிடும். இது கவனக்குறைவு இல்லை, காது சொன்னதைக் கை செய்தது. முதலில் கோட்டைப் போடச் சொல்லி, "மூன்றில்" என்னும்போது கோட்டுக்குக் கீழே 3, "இரண்டு" என்னும்போது மேலே 2 என்று எழுதப் பழக்கினால் இந்தத் தவறு சீக்கிரம் விலகும்.

பாடப்புத்தகங்களில் பின்னம் வண்ணம் தீட்டிய படமாக வருகிறது. நான்கு கட்டத்தில் மூன்று நிழலிட்டிருந்தால் 3/4. தொடங்குவதற்கு இது எளிது, நீண்ட நாள் இதிலேயே இருந்தால் ஆபத்து. குழந்தை நிழலிட்டதை எண்ணி மேலே எழுதுகிறது, மொத்தத்தை எண்ணிக் கீழே எழுதுகிறது. எண்ணத் தெரிந்தால் போதும், பின்னம் தெரிய வேண்டியதில்லை. இதைச் சோதிக்கச் சமமில்லாத நான்கு துண்டுகளாகக் கோடு போட்ட ஒரு படத்தைக் கொடுத்து, ஒரு துண்டு கால்தானா என்று கேட்டுப் பார்க்கலாம். பலர் தயங்காமல் ஆமாம் என்பார்கள். இன்னொரு நல்ல சோதனை: ஒரு செவ்வகத்தில் இரண்டு மூலைவிட்டங்களையும் வரைந்தால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். இரண்டு ஒல்லியானவை, இரண்டு குட்டையானவை. எல்லாம் வேறு வேறு மாதிரி இருக்கிறதே, எப்படிக் கால் ஆகும் என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். ஒவ்வொன்றையும் வெட்டி இரண்டாக்கி ஒட்டிப் பார்த்தால் நான்கும் ஒரே பரப்பளவு. "சம பங்கு" என்ற சொல்லில் எது சமம் என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

படத்தைவிடப் பங்கிடுதல் ஆழமான வழி. மூன்று தோசை, நான்கு பேர். ஆளுக்கு எவ்வளவு? சில குழந்தைகள் ஒவ்வொரு தோசையையும் நான்காக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எடுப்பார்கள். ஆளுக்கு மூன்று கால். வேறு சிலர் இரண்டு தோசையைப் பாதியாக்கி ஆளுக்கு அரை கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றை நான்காக வெட்டுவார்கள். ஆளுக்கு அரையும் காலும். இரண்டு தட்டிலும் இருப்பது அதே அளவு என்று பார்த்தாகிவிட்டால், 1/2 + 1/4 = 3/4 என்பது கூட்டல் பாடம் வருவதற்கு வெகு முன்பே கிடைத்துவிடுகிறது. ஐந்து தோசையை நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஒன்றே கால். தகாபின்னம் 5/4 என்று புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்தத் தேவையில்லை, அது தட்டிலேயே இருக்கிறது. வகுப்பில் தோசைக்கு வழியில்லை, வட்டமாக வெட்டிய செய்தித்தாள் போதும்.

மூன்று தோசையை நான்கு பேர் பங்கிட்ட பந்தியா, மூன்று தோசையை ஐந்து பேர் பங்கிட்ட பந்தியா, எங்கே உட்கார்ந்தால் லாபம்? பொதுப் பகுதி என்ற பேச்சே இல்லாமல் 3/4, 3/5-ஐவிடப் பெரியது என்று இரண்டு நொடியில் சொல்வார்கள். 3/4 என்ற எழுத்துக்கு "நான்கு பேருக்கு மூன்று" என்ற பொருளைக் கொடுத்து இப்படித் தொடங்கும் முறையை மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சேர்ந்தவர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பெரியது சிறியது பார்ப்பதற்கு இதைவிடச் சுலபமான வாசல் இல்லை. 1/8 தானே 1/4-ஐவிடப் பெரியது, எட்டு நான்கைவிடப் பெரிதாயிற்றே என்று வாதாடும் குழந்தையும், எட்டுப் பேர் உட்கார்ந்த பந்தியில் போய் உட்கார ஒப்புக்கொள்ளாது.

எதில் பாதி என்ற கேள்வியையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். பெரிய தர்பூசணியில் காலும் சிறியதில் காலும் ஒன்றல்ல. பன்னிரண்டு மாம்பழத்தில் கால் என்றால் மூன்று மாம்பழம். அந்தக் கால் ஒரு துண்டு அல்ல, மூன்று முழுப் பழங்கள். இது சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. பின்னம் என்றால் உடைந்த துண்டு என்று படம் பழக்கிவிட்டதன் விளைவு.

பங்கிடுதலோடு நின்றுவிட்டாலும் ஒரு குறை இருக்கிறது. தோசையாகவும் துண்டாகவும் இருந்த பின்னம் கடைசியில் எண்ணாக வேண்டும். 3/4 என்பது ஓர் எண், 0-க்கும் 1-க்கும் நடுவில் அதற்கு ஓர் இடம் உண்டு என்பது பல குழந்தைகளுக்கு ஐந்தாம் வகுப்பு முடிந்தும் புரிவதில்லை. அவர்களுக்கு அது கோடு போட்டுப் பிரித்த இரண்டு எண்கள். 1978-ல் அமெரிக்காவின் நாடு தழுவிய கல்வி மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு? 1, 2, 19, 21 என்று விடைகள் கொடுக்கப்பட்டிருந்தன. இரண்டும் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே விடை 2. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 சதவீதம். 19-ஐ 28 சதவீதம் பேரும் 21-ஐ 27 சதவீதம் பேரும் தேர்ந்தெடுத்தார்கள். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. பின்னத்தைப் பார்த்த கண்ணுக்கு நான்கு முழு எண்கள் மட்டுமே தெரிந்திருக்கின்றன.

இதற்கு மருந்து அளத்தல். ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளை ஆளுக்கு நாலைந்து கொடுத்து மடிக்கச் சொல்லலாம். இரண்டு, நான்கு, எட்டாக மடிப்பது சுலபம். மூன்றாக மடிக்கும்போது வகுப்பே கொஞ்சம் திணறும், திணறட்டும். மடிப்பில் கோடு போட்டு, ஒரு முனையில் 0, மறுமுனையில் 1, நடுவில் 1/4, 2/4, 3/4 என்று எழுதினால் பட்டை எண்கோடாகிவிடும். இரண்டு பட்டைகளை முனையோடு முனை ஒட்டினால் 5/4-க்கும் இடம் கிடைக்கும். இங்கே எட்டிப்பார்க்கும் ஒரு தவறைக் கவனிக்க வேண்டும். 0 முதல் 2 வரை வரைந்த கோட்டில் 1/2-ஐக் குறிக்கச் சொன்னால், சிலர் 1 இருக்கும் இடத்தில் குறிப்பார்கள். மொத்தக் கோட்டின் பாதி அதுதானே! பங்காகப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. எண்ணாகப் பார்த்தால் தவறு. இரண்டு பார்வைக்கும் உள்ள இடைவெளியைப் பேச இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பத்து வயதில் ஒரு குழந்தைக்கு இருக்கும் பின்ன அறிவு, பதினாறு வயதில் அதன் இயற்கணிதத் தேர்ச்சியை முன்கூட்டிக் காட்டுகிறது என்று அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்து 2012-ல் ராபர்ட் சீக்லரும் கூட்டாளிகளும் காட்டினார்கள்.

பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாலே 1/2, 2/4, 4/8 மூன்றும் ஒரே இடத்தில் நிற்பது தெரியும். சமான பின்னம் அதற்குமேல் பெரிய மர்மம் இல்லை. மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்கு என்ற விதியை இதற்குப் பிறகு பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டாக வெட்டினால் துண்டுகளும் இரண்டு மடங்கு, எடுத்தவையும் இரண்டு மடங்கு. ஒரு சொல்லில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 6/8-ஐச் "சுருக்கு" என்றால் அளவு சுருங்கிவிடும் என்று நினைக்கும் குழந்தைகள் உண்டு.

ஒப்பிடுவதற்குக் குறுக்குப் பெருக்கலைச் சீக்கிரமே கற்றுக்கொடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. விடை வரும், யோசனை நின்றுபோகும். 3/8-ம் 4/7-ம் வந்தால் முதலாவது அரைக்குக் கீழே, இரண்டாவது அரைக்கு மேலே என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். 7/8-ம் 8/9-ம் வந்தால் இரண்டுக்கும் ஒன்றை எட்ட ஒரு துண்டுதான் பாக்கி. ஒன்பதில் ஒன்று எட்டில் ஒன்றைவிடச் சிறிய துண்டு, ஆகவே 8/9 பெரியது. இப்படி ஒரு மாதம் வாயால் வாதாடிய பிறகு குறுக்குப் பெருக்கல் வந்தால் கெடுதல் இல்லை.

கூட்டலில் வரும் மிகப் பிரசித்தமான தவறு 1/2 + 1/3 = 2/5. மேலே மேலே, கீழே கீழே. இந்தத் தவறு எங்கிருந்து முளைக்கிறது என்று பார்த்தால் ஆசிரியர் கையிலிருக்கும் சிவப்புப் பேனாதான் ஒரு காரணம். ஒரு தேர்வில் 7/10, அடுத்ததில் 8/10, மொத்தம் 15/20 என்று விடைத்தாளில் எழுதுவது அவர்தானே! மதிப்பெண்ணில் அது சரி, ஏனென்றால் அங்கே முழுமையே பத்திலிருந்து இருபதாக மாறிவிடுகிறது. பின்னக் கூட்டலில் முழுமை மாறுவதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால், தினமும் பார்ப்பதைத்தான் குழந்தை செய்யும். விடையைச் சோதிக்கவும் ஒரு சின்னக் கேள்வி போதும்: 2/5 அரைக்கு மேலா, கீழா? கீழே. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்துபோகுமா?

பகுதி எண்ணை ஒரு பெயர்போலக் கருத வைத்தால் கூட்டல் எளிதாகிறது. காலும் காலும் காலும் முக்கால். மூன்று மாம்பழம் போல மூன்று கால். எட்டில் மூன்றும் எட்டில் இரண்டும் சேர்ந்தால் எட்டில் ஐந்து. பெயர் வேறானால்? மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் கூட்ட, இரண்டுக்கும் பொதுவான "பழம்" என்ற பெயருக்குப் போவதுபோல அரையையும் மூன்றில் ஒன்றையும் ஆறில் ஒன்றுகளாக்க வேண்டும். மூன்று, இரண்டு, மொத்தம் ஐந்து. 5/6.

பழைய திண்ணைப் பள்ளிகள் இந்தச் சிக்கலை வேறு மாதிரி தீர்த்துவைத்திருந்தன. அங்கே பிள்ளைகள் மனப்பாடம் செய்த பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றில் பின்னங்களுக்கு ஒரு நிலையான ஏணி உண்டு. அடிப்படியில் முந்திரி, 1/320. நான்கு முந்திரி ஒரு காணி, 1/80. நான்கு காணி ஒரு மா, 1/20. இருபது மா ஒன்று. வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர். மாவும் காணியும் சேர்ந்தது, பதினாறு முந்திரியும் நான்கு முந்திரியும் இருபது முந்திரி, அதாவது பதினாறில் ஒன்று. ஏகாரம் இல்லாமலே கூட்டலாக நிற்கும் விதிவிலக்கு இது. அரை 160 முந்திரி, கால் 80, அரைக்கால் 40. எல்லாப் பின்னமும் முந்திரிக் கணக்கில் முழு எண்ணாகிவிடுவதால் பொதுப் பகுதி தேடும் வேலையே இல்லை. விலை என்னவென்றால், இந்த ஏணியில் மூன்றில் ஒன்றுக்குப் படி கிடையாது. 320 மூன்றால் வகுபடாது. நிலம், நெல், பொன் ஆகியவற்றின் கணக்குக்கு அந்தப் படிகள் போதுமாக இருந்தன. இப்போதைய குழந்தைகள் அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் தசமம் எதற்கு வந்தது என்று புரியவைக்க இந்த ஏணி நல்ல உவமை. தசமமும் முன்கூட்டியே படிகளை முடிவு செய்துவிட்ட ஓர் ஏணிதான், படிகள் பத்துப் பத்தாக இறங்குகின்றன. அங்கேயும் மூன்றில் ஒன்று படியில் கால் வைக்காமல் 0.333 என்று இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஐரோப்பாவில் தசமத்தைச் சாதாரணக் கணக்கர்களுக்கும் கொண்டுசேர்த்தது 1585-ல் சைமன் ஸ்டெவின் வெளியிட்ட ஒரு சிறு புத்தகம். அவர் புள்ளி வைக்கவில்லை, ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் வட்டமிட்ட எண் போட்டு அதன் இடத்தைக் காட்டினார். இந்தியாவில் நாணயம் தசமத்துக்கு மாறியது 1957 ஏப்ரல் 1 அன்று. அதுவரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஆகவே ஓரணா என்பது ரூபாயில் சரியாக ஒரு வீசம். பாதி, அதில் பாதி என்று வெட்டிக்கொண்டே போகும் பழைய உலகத்துக்குப் பதினாறு வசதியாக இருந்தது. மாறியபோது ஓரணா 6.25 புதுக் காசாயிற்று, முழுக் காசில் அடங்கவில்லை. எட்டணா 50, நாலணா 25 என்று அடங்கியவை மட்டும் பேச்சில் பிழைத்தன. 25 காசு நாணயமும் 2011 ஜூன் 30-க்குப் பின் செல்லாமல் போனது.

தசமம் கற்பிக்கப் பணம்தான் சிறந்த உதாரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு நல்ல உதாரணம் இல்லை. காசு இப்போது குழந்தையின் கையில் இல்லை, பில்லில் மட்டும் இருக்கிறது. ரூ.7.50 என்பதைக் குழந்தை ஏழு ரூபாய், ஐம்பது காசு என்று இரண்டு முழு எண்களாகத்தான் வாசிக்கிறது, நடுவில் இருப்பது இரண்டு பொருளைப் பிரிக்கும் தடுப்பு. மூன்றாவது இலக்கத்துக்கு அங்கே அர்த்தமும் இல்லை. மளிகைக் கடையின் மின்னணுத் தராசு இதைவிட உயர்ந்த ஆசிரியர். திரையில் 0.750 என்று வரும், கடைக்காரர் "முக்கால் கிலோ" என்பார், குறிப்பேட்டில் 3/4 என்று எழுதலாம். மூன்றும் ஒரே எண்ணின் மூன்று பெயர்கள். நகைக்கடை ரசீதில் கிராமுக்குப் பிறகு மூன்று இலக்கம் இருக்கும். தங்கம் விற்கும் விலையில் அந்த மூன்றாவது இலக்கத்தை யாரும் அலட்சியம் செய்ய மாட்டார்கள். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேலும் போதுமானது. ஒரு சென்டிமீட்டரில் பத்து மில்லிமீட்டர், பென்சிலின் நீளம் 7.4 என்றால் ஏழும், பத்தில் நான்கும்.

பத்துக்குப் பத்து கட்டம் போட்ட தாளை ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு வரிசை 0.1, ஒரு கட்டம் 0.01. காலைத் தீட்டச் சொன்னால் இரண்டு வரிசை முழுதாக, மூன்றாவதில் ஐந்து கட்டம். 0.25 எப்படி வந்தது என்று விளக்கத் தேவையில்லை. 1/4-ஐ 0.4 என்றும் 1.4 என்றும் எழுதுவது அடிக்கடி வரும் தவறு, இந்தத் தாளில் ஒரு முறை தீட்டிப் பார்த்த குழந்தை அப்படி எழுதக் கொஞ்சம் யோசிக்கும்.

எது பெரியது, 0.25-ஆ, 0.3-ஆ? இருபத்தைந்து மூன்றைவிடப் பெரியது, ஆகவே 0.25 என்று ஒரு கூட்டம் சொல்லும். 0.3-ஆ, 0.45-ஆ? பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரிய துண்டு, ஆகவே இலக்கம் குறைவாக உள்ள 0.3 என்று இன்னொரு கூட்டம் சொல்லும். முதல் கூட்டம் முழு எண்ணிலிருந்தும், இரண்டாம் கூட்டம் பின்னத்திலிருந்தும் தர்க்கம் கொண்டுவருகிறது. இரண்டுமே அரை உண்மை. அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்ஸ் குழந்தைகளை வைத்து லாரன் ரெஸ்னிக்கும் மற்றவர்களும் 1989-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டு வகையையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. பின்னத்துக்கு முன்பே தசமம் கற்பிக்கப்பட்ட பிரான்ஸில் இரண்டாவது வகைத் தவறு ஏறக்குறைய இல்லவே இல்லை. அதற்காக வரிசையை மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. எந்தத் தவறு எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். 0.3-ஐ எப்போதும் 0.30 ஆக்கி ஒப்பிடு என்று குறுக்குவழி சொல்லிக்கொடுப்பவர்கள், விடையை மட்டும் திருத்துகிறார்கள்.

வாசிக்கும் முறையும் இதில் சேரும். 0.25-ஐப் "புள்ளி இருபத்தைந்து" என்று வாசித்தால் முதல் கூட்டத்துக்குத் தீனி போட்டதாகும். "புள்ளி இரண்டு ஐந்து" என்பதே சரி. 0.8, 0.9 என்று எண்ணிக்கொண்டு வரும் குழந்தை அடுத்து 0.10 என்று சொல்வதும் இதே நோய்தான்.

புள்ளி வைத்து எழுதுவதெல்லாம் தசமம் இல்லை என்பதை யாரும் குழந்தைகளிடம் சொல்வதில்லை. காலை 10.30 மணி என்றால் பத்தரை. அப்படியானால் 10.30 பத்தரைதானே? கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும், ஓவருக்கு ஆறு பந்து என்பதால் அதுவும் நாலரை. 4.5-க்கு அடுத்த பந்தில் 5 வந்துவிடும். அண்ணன் உயரம் 5.10, அப்பா 5.9 என்றால் அண்ணன்தான் உயரம், ஏனென்றால் அது ஐந்தடி பத்து அங்குலம். கணக்குப் புத்தகத்திலோ 5.10 என்பது 5.9-ஐவிட எவ்வளவோ சிறியது. இவற்றை வகுப்புக்கு வெளியே தள்ளி வைக்காமல் கரும்பலகையில் வரிசையாக எழுதி, எதில் பத்து சேர்ந்தால் ஒன்று, எதில் ஆறு, எதில் பன்னிரண்டு, எதில் அறுபது என்று கேட்டால் ஒரு முழுப் பாடவேளை போவதே தெரியாது. கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகள் அன்று வாத்தியாருக்கே பாடம் நடத்துவார்கள்.

இட மதிப்பில் ஒரு நுட்பமான குழப்பம் உண்டு. புள்ளிக்கு இடப்பக்கம் ஒன்று, பத்து, நூறு. வலப்பக்கம் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று. புள்ளியைக் கண்ணாடியாக நினைத்துக்கொள்ளும் குழந்தை, "ஒன்றில் ஒன்று" இடம் எங்கே போயிற்று என்று தேடும். கண்ணாடி நிற்பது புள்ளியில் இல்லை, ஒன்றாம் இடத்தில். புள்ளி அந்த இடத்தைக் காட்டும் அடையாளம் மட்டுமே. பூஜ்ஜியமும் தொல்லை தரும். பத்தால் பெருக்கினால் ஒரு பூஜ்ஜியம் சேர் என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதி, 0.3-ஐ 0.30 ஆக்கி நிற்கிறது. எண் அப்படியேதான் இருக்கிறது. இலக்கங்கள் ஓர் இடம் நகர்கின்றன என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் இப்போது மறக்கச் சொல்ல வேண்டியிருக்காது. கூட்டலில் 0.5 + 0.25 = 0.30 என்று வருவது இதன் தம்பி. புள்ளிக்குக் கீழ் புள்ளி வை என்பதைவிட, பத்தில் ஒன்றுகளோடு பத்தில் ஒன்றுகளைத்தான் சேர்க்க முடியும் என்று கட்டத்தாளில் காட்டுவது நிலைக்கும்.

பெருக்கலும் வகுத்தலும் பெரும்பாலும் மேல் வகுப்புக்கு உரியவை. ஆனாலும் பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும் என்ற நம்பிக்கையை இங்கேயே ஆட்டிவைப்பது நல்லது. காலில் பாதி அரைக்கால், பெருக்கி, குறைந்துவிட்டது. வகுத்தலுக்கு அரிசி அளக்கும் படி கை கொடுக்கும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஒன்றே முக்கால் படி அரிசியை உரியால் அளந்தால் எத்தனை தடவை? மூன்றரை. 1 3/4-ஐ 1/2-ஆல் வகுத்து ஒன்றே முக்காலைவிடப் பெரிய விடை வந்திருக்கிறது, யாரும் ஆச்சரியப்படவில்லை. கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா 1999-ல் வெளியிட்ட தன் நூலில் ஆசிரியர்களுக்குக் கொடுத்த கணக்கும் இதே எண்கள்தான். அதைச் செய்துபார்த்த அமெரிக்க ஆசிரியர்கள் 21 பேரில் 9 பேர் மட்டுமே சரியான விடைக்கு வந்தார்கள், சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகச் செய்தார்கள். தலைகீழாக்கிப் பெருக்கு என்ற விதியை மறந்தவருக்கு உரியும் படியும் மறக்காது.

எல்லாம் முடிந்ததும் வகுப்பின் குறுக்கே ஒரு கொடிக்கயிறு கட்டி, ஒரு முனையில் 0, மறுமுனையில் 1 என்று அட்டை தொங்கவிடலாம். அரை, 3/4, 0.75, 0.8, 4/5, 0.08, மூன்றில் ஒன்று, முக்காலே மூணு வீசம் என்று எழுதிய அட்டைகளைக் குழந்தைகள் துணிக் கிளிப்பால் மாட்டட்டும். 3/4-ம் 0.75-ம் ஒரே கிளிப்பில். 0.8-ஐ மாட்டியவரும் 4/5-ஐ மாட்டியவரும் ஒரே இடத்துக்கு வந்து முட்டிக்கொள்வார்கள். 0.08 பூஜ்ஜியத்தை ஒட்டி. மூணு வீசத்து அட்டை 0.9-ஐத் தாண்டி, ஒன்றுக்கு ஒரு வீசம் முன்னால், 0.9375-ல். மூன்றில் ஒன்று அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்பாடுதான் கொஞ்சம் கஷ்டம். 0.3-க்கு வலப்பக்கம், 0.4-க்கு இடப்பக்கம். இன்னொருவர் 0.33, 0.34 எழுதிக் கொண்டுவந்தால் அவற்றுக்கு நடுவே. 0.333, 0.334 வந்தால் அதற்கும் நடுவே. கயிற்றில் கிளிப்புக்கு இடமில்லாமல் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.